திருச்சி விமான நிலையம்: டெல்டாவிலிருந்து பஸ்ஸா, ரயிலா, காரா?

திருச்சி விமான நிலையம் ஊரை ஒட்டியே இருக்கிறது என்பதில் திருச்சிக்காரர்களுக்கு ஒரு பெருமை உண்டு. நியாயமான பெருமைதான். புதுக்கோட்டை சாலையில், ஜங்ஷனிலிருந்து ஐந்தாறு கிலோமீட்டர். கன்டோன்மென்டில் இருப்பவர் சாப்பிட்டுக் கைகழுவிவிட்டு ஆட்டோ பிடிக்கலாம். ஆனால் கும்பகோணத்திலிருந்தோ திருத்துறைப்பூண்டியிலிருந்தோ முப்பது கிலோ பெட்டியோடு கிளம்புகிறவருக்கு இந்த ஐந்தாறு கிலோமீட்டரால் ஆகப்போவது ஒன்றுமில்லை. அவருக்குத் திருச்சி நகரத்துக்குள் வேலையே கிடையாது. தஞ்சாவூர் சாலையை எந்த இடத்தில் விட்டு, புதுக்கோட்டை சாலைக்கு எப்படித் தாவுவது என்பதுதான் அவர் கவலை. அதுவும் ராத்திரி எத்தனை மணிக்கு? இந்த இரண்டும் தெளிவானால் பஸ்ஸா, ரயிலா, காரா என்பது பாதி முடிவானது போலத்தான்.

முதலில் தூரம். விமான நிலையம் தஞ்சாவூரிலிருந்து ஏறத்தாழ 55 கிலோமீட்டர், கும்பகோணத்திலிருந்து 95, மன்னார்குடியிலிருந்தும் கிட்டத்தட்ட அவ்வளவே. திருவாரூர் என்றால் 115, மயிலாடுதுறை 130, நாகப்பட்டினம் 140 என்று வைத்துக்கொள்ளலாம். தஞ்சாவூரிலிருந்து திருச்சி வரை நான்குவழிச் சாலை, அதில் சிரமமில்லை. தஞ்சாவூருக்குக் கிழக்கே எந்த ஊராக இருந்தாலும், முதல் பாதிப் பயணம்தான் நேரத்தைத் தின்னும்.

நேரம் என்றால் விமான நேரம் மட்டும் அல்ல. திருச்சியிலிருந்து சிங்கப்பூர், கோலாலம்பூர், வளைகுடா நாடுகளுக்குப் போகும் விமானங்களில் பல, இரவு சாப்பாட்டு நேரத்துக்கும் விடியற்காலைக்கும் நடுவே கிளம்புகின்றன. வெளிநாட்டு விமானத்துக்கு மூன்று மணி நேரம் முன்னால் போய்விட வேண்டும். கவுன்ட்டரைப் பொதுவாக ஒரு மணி நேரம் முன்பே மூடிவிடுவார்கள். ஆக, இரவு 12 மணி விமானத்துக்கு 9 மணிக்கு உள்ளே இருக்க வேண்டும். கும்பகோணத்திலிருந்து பஸ் என்றால் மாலை 5 மணிக்கே ஏறிவிடுவது நல்லது. அதுவே அதிகாலை 4 மணி விமானம் என்றால், நள்ளிரவு 1 மணிக்கு அங்கே நிற்க வேண்டும். பஸ்ஸில் போகிறவர் முந்தின இரவு பத்துக்கே போய்ச் சேர்ந்து உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். இதைக் கணக்கில் எடுக்காமல் பஸ் கட்டணத்தையும் கார் வாடகையையும் ஒப்பிட்டுப் பிரயோஜனமில்லை.

பஸ்: டிவிஎஸ் டோல்கேட் என்னும் முடிச்சு

பஸ்ஸில் போகிறவர்களில் புதியவர்கள் செய்வது ஒன்று உண்டு. திருச்சி பஸ்ஸில் ஏறி, பஸ் எங்கே போய் நிற்கிறதோ அந்தக் கடைசி நிறுத்தம் வரை உட்கார்ந்திருப்பார்கள். அங்கே இறங்கி, வந்த வழியே திரும்பி விமான நிலையத்துக்குப் போவார்கள். முன்பு கடைசி நிறுத்தம் மத்தியப் பேருந்து நிலையமாக இருந்ததால் இதில் பெரிய நஷ்டமில்லை. பக்கத்திலேயே டவுன் பஸ் கிடைக்கும், ஜங்ஷனும் பக்கம். இப்போது கதை வேறு. மதுரை சாலையில் பஞ்சப்பூரில் புதிய ஒருங்கிணைந்த பேருந்து முனையம் 2025 மே மாதம் திறக்கப்பட்டு, ஜூலையிலிருந்து வெளியூர் பஸ்கள் அங்கே போகின்றன. முனையம் நன்றாகவே இருக்கிறது, குறை சொல்ல மாட்டேன். ஆனால் தஞ்சாவூர்ப் பக்கமிருந்து விமானம் ஏற வருகிறவருக்குப் பஞ்சப்பூர் என்பது தலையைச் சுற்றி மூக்கைத் தொடுகிற வேலை.

அவர் இறங்க வேண்டிய இடம் டிவிஎஸ் டோல்கேட். துவாக்குடி, திருவெறும்பூர், காட்டூர், பால்பண்ணை என்று வரும் தஞ்சாவூர் பஸ், வழக்கமாக இந்த வழியாகத்தான் ஊருக்குள் திரும்பும். புதுக்கோட்டை சாலை இங்கிருந்துதான் பிரிகிறது. ஏறும்போதே நடத்துநரிடம் ‘டிவிஎஸ் டோல்கேட் போகுமாண்ணே’ என்று கேட்டுவிட்டு உட்காருங்கள். போகும் என்றால் டிக்கெட்டையும் அதுவரைக்கே கேளுங்கள். பால்பண்ணை தாண்டியதும் எழுந்து பெட்டியைப் படிக்கட்டுப் பக்கம் நகர்த்திவிட வேண்டும். அங்கே பஸ் ரொம்ப நேரம் நிற்காது, பின்னால் வருகிறவன் ஹாரன் அடித்தே கீழே தள்ளிவிடுவான்.

இறங்கியதும் சுப்பிரமணியபுரம் பக்கம் போகும் சாலைக்கு வந்தால் ஆட்டோ நிற்கும். டவுன் பஸ்ஸும் வரும். புதுக்கோட்டை போகும் வெளியூர் பஸ்ஸும் அந்த வழிதான். பெண்களுக்குச் சாதாரண டவுன் பஸ்ஸில் கட்டணமே கிடையாது, ஆனால் பெரிய பெட்டி இரண்டு இருந்தால் அந்தக் கூட்டத்தில் ஏறுவது லேசுப்பட்ட காரியமில்லை. ஒரு பெட்டி, ஒரு தோள்பை என்றால் டவுன் பஸ். அதற்கு மேல் என்றால் ஆட்டோ. தூரம் நாலைந்து கிலோமீட்டருக்குள்தான், அதனால் ஆட்டோவில் ஏறுவதற்கு முன்பே பேசி முடித்துக்கொள்ளுங்கள். இரவு ஒன்பதைத் தாண்டினால் ஆட்டோக்காரர் சொல்வதுதான் விலை.

இன்னொன்று. பழைய முனையத்தை நினைவில் வைத்துக்கொண்டு ‘ரோட்டில் இறங்கினால் போதும்’ என்று நினைக்காதீர்கள். 1,100 கோடி ரூபாய்க்கு மேல் செலவழித்துக் கட்டிய புதிய முனையம், 2024 ஜனவரி 2 அன்று திறக்கப்பட்டு ஜூன் மாதத்திலிருந்து இயங்குகிறது. ஆண்டுக்கு 44 லட்சம் பயணிகளைக் கையாளும் அளவுக்குப் பெரியது. அது சாலையிலிருந்து உள்ளடங்கி நிற்கிறது. சாலையோரம் இறக்கிவிடும் பஸ்ஸில் வந்தால் மீதித் தூரத்துக்குப் பெட்டியை இழுத்துக்கொண்டு நடக்க வேண்டும். சித்திரை வெயிலில், வேட்டி சட்டையோடு வந்த அப்பாவை அப்படி நடக்க விட்டால் அவர் விமானத்தில் ஏறும்போதே களைத்துவிடுவார். எந்த பஸ்ஸாக இருந்தாலும் முனைய வாசல் வரை உள்ளே போகுமா, சாலையோடு போய்விடுமா என்று கேட்டு ஏறுவது நல்லது.

பட்டுக்கோட்டை, பேராவூரணிக்காரர்களுக்கு

டெல்டாவின் தெற்கு ஓரத்தில் இருப்பவர்கள் மேலே சொன்னதை எல்லாம் மறந்துவிடலாம். பேராவூரணி, அறந்தாங்கி, பட்டுக்கோட்டைக்குத் தெற்கே உள்ள கிராமங்கள், இங்கிருந்தெல்லாம் புதுக்கோட்டை வந்து திருச்சி பஸ் ஏறினால், அந்த பஸ் விமான நிலைய வாசலைத் தாண்டித்தான் திருச்சிக்குள் நுழைய வேண்டும். டோல்கேட்டில் மாறும் வேலை மிச்சம். புதுக்கோட்டையிலிருந்து ஐம்பது கிலோமீட்டருக்கும் கொஞ்சம் குறைவு. பட்டுக்கோட்டையில் இருப்பவருக்கு ஒரத்தநாடு, தஞ்சாவூர் வழியா, புதுக்கோட்டை வழியா என்று குழப்பம் வரும். பஸ்ஸில் என்றால் எனக்குப் புதுக்கோட்டை வழிதான் பிடிக்கும், கடைசியில் இறங்கி ஏறுகிற தொல்லை இல்லாததால். தஞ்சாவூர் வழியில் பஸ் அதிகம் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். பின்னிரவில் புதுக்கோட்டையில் அடுத்த பஸ்ஸுக்குக் காத்திருப்பதைவிட தஞ்சாவூர்ப் புதிய பேருந்து நிலையத்தில் திருச்சி பஸ் பிடிப்பது சுலபம்.

ரயில்

ரயிலைப் பற்றி ஆசையாக நிறையச் சொல்லலாம். தஞ்சாவூர் வரை இரட்டைப் பாதை வந்துவிட்டது, காசு குறைவு, கழிப்பறை உண்டு, வாந்தி எடுக்கிற பிள்ளை இருந்தால் இதைவிட நல்ல வழி இல்லை. ஆனால் விமான நேரத்துக்குப் பொருந்துகிற ரயில் கிடைப்பது அதிர்ஷ்டம்.

பொருந்துகிற ஒன்றைச் சொல்கிறேன். மயிலாடுதுறையிலிருந்து கோவை போகும் ஜன் சதாப்தி, செவ்வாய்க்கிழமை தவிர மற்ற நாட்களில் ஓடுகிறது. மதியத்துக்கு மேல் கிளம்பி, கும்பகோணம், தஞ்சாவூர் வழியாக மாலைக்குள் திருச்சி ஜங்ஷனுக்கு வந்துவிடும். இரவு பத்து, பதினொன்று மணி விமானம் என்றால் இதைவிடச் சொகுசாகப் போக முடியாது. உட்காரும் இருக்கைதான், முன்பதிவு செய்துகொள்ள வேண்டும். திரும்பி வரும்போதும் அதே ரயில் முற்பகலில் திருச்சிக்கு வருகிறது. காலை விமானத்தில் வந்து இறங்குகிறவர் நிதானமாக ஒரு காபி சாப்பிட்டுவிட்டு ஏறலாம். மற்ற பாசஞ்சர்களை நம்பி விமானம் ஏறப் போவதை நான் யாருக்கும் சிபாரிசு செய்ய மாட்டேன். எங்கோ ஒரு கிராஸிங்கில் அரை மணி நேரம் நின்றால் மொத்தக் கணக்கும் போய்விடும்.

மேப்பைப் பார்க்கிற இளைஞர்களுக்கு ஒரு யோசனை வரும். ஜங்ஷனுக்கு முன்னால் பொன்மலை ஸ்டேஷன் இருக்கிறதே, விமான நிலையத்துக்கு அது இன்னும் பக்கமாயிற்றே, அங்கேயே இறங்கினால் என்ன? மேப்பில் பக்கம்தான். ஆனால் எக்ஸ்பிரஸ்கள் பெரும்பாலும் அங்கே நிற்காது. பாசஞ்சரில் வந்து இறங்கினாலும், ரயில்வே பணிமனை ஊர் அது, ஜங்ஷன் வாசலில் மாதிரி வண்டிகள் வரிசையாக நிற்காது. பேசாமல் ஜங்ஷனில் இறங்கி, சுரங்கப்பாதை வழியாக வெளியே வந்து ஆட்டோவோ கால் டாக்ஸியோ எடுங்கள். காசை மிச்சம் பிடிக்க வேண்டுமானால் மத்தியப் பேருந்து நிலையம் நடக்கும் தூரம், விமான நிலைய டவுன் பஸ் அங்கே உண்டு.

கார்

டெல்டாவில் பெரும்பாலான வீடுகளில் இந்தக் கேள்வியே எழுவதில்லை. பையன் சிங்கப்பூர் போகிறான் என்றால் வண்டி பேசியாகிவிட்டது என்று அர்த்தம். அதுவும் காரில்லை, வேன். அப்பா, அம்மா, சித்தப்பா, மாமா, ‘நானும் ஏர்போர்ட் பார்த்ததில்லை’ என்று அடம்பிடிக்கும் பக்கத்து வீட்டுப் பையன், வழியில் சாப்பிட ஒரு தூக்கு புளியோதரை. முனையத்துக்குள் டிக்கெட் இல்லாதவர் போக முடியாது என்பதால் எல்லாரும் வாசலில் நின்று கையாட்டிவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். இதைக் கிண்டல் செய்கிறேன் என்று நினைக்க வேண்டாம். இரண்டு வருஷம் கழித்து வரப்போகிறவனை அனுப்பும் முறை அது. ஆனால் செலவுக் கணக்கு போடும்போது, அவன் போவதற்கான செலவும் அனுப்பிவைப்பதற்கான செலவும் வேறு வேறு என்று தெரிந்து போட வேண்டும்.

வாடகைக் கார்க் கணக்கில் பலருக்கும் தெரியாத இடம் இது: விட்டுவிட்டு வருவது மட்டும்தான் என்றாலும் டிராவல்ஸ்காரர் போக வர இரண்டு பக்கக் கிலோமீட்டரும் போடுவார். கும்பகோணத்திலிருந்து 95 கிலோமீட்டர் என்றால் பில்லில் 190. அதற்கு மேல் டிரைவர் பேட்டா, வாழவந்தான்கோட்டை டோல், விமான நிலையத்தில் பார்க்கிங். இரவு என்றால் தனி பேட்டா கேட்பவர்களும் உண்டு. நான்கு பேர் விமானம் ஏறுகிற குடும்பம் என்றால் இந்தத் தொகையை நான்காக வகுத்துப் பாருங்கள், பஸ்ஸும் ஆட்டோவும் சேர்ந்த செலவைவிடக் கூடத்தான் இருக்கும், ஆனால் அலைச்சல் இல்லை. ஒரே ஒருவர் போகிறார், பகல் விமானம் என்றால் முழுக் கார் எடுப்பது வீண் என்பதே என் கட்சி. தஞ்சாவூர் வரை பஸ்ஸில் வந்து அங்கிருந்து கார் எடுக்கிற நடுவழியும் இருக்கிறது. திருவாரூர், நாகப்பட்டினம்காரர்களுக்கு இதில் வாடகை பாதிக்கும் கீழே இறங்கிவிடும். ஏனோ நம் ஆட்கள் இதை யோசிப்பதே இல்லை.

சொந்தக் காரில், வீட்டு ஆளே ஓட்டிக்கொண்டு போவதுதான் மலிவு என்று தோன்றும். போகும்போது மலிவுதான். நள்ளிரவில் அனுப்பிவிட்டு, மூன்று மணிக்குக் கண் எரிய எரிய நூறு கிலோமீட்டர் திரும்ப ஓட்டி வருவதில்தான் ஆபத்து. அழுதுவிட்டு, சாப்பிடாமல், தூக்கமில்லாமல் ஓட்டுகிறவர் அவர். விடிந்த பிறகு கிளம்புவதென்றால் சரி. இல்லாவிட்டால் டிரைவர் போட்டுக்கொள்ளுங்கள்.

காரில் போவோருக்கு வழியில் ஒரு தேர்வு இருக்கிறது. துவாக்குடியைத் தாண்டி நேராகப் போனால் திருவெறும்பூர், காட்டூர் நெரிசல். பால்பண்ணையிலிருந்து துவாக்குடி வரை சர்வீஸ் ரோடு வேண்டும் என்று மக்கள் வருஷக்கணக்காகப் போராடிக்கொண்டிருக்கும் பகுதி அது. மாலை ஐந்திலிருந்து எட்டு மணி வரை வேலைவிட்டு வரும் கூட்டமும் சேர்ந்துகொள்ளும். அதைத் தவிர்க்க, துவாக்குடிப் பக்கத்தில் பிரிகிற அரைவட்டச் சாலையில் திரும்பி, மாத்தூரில் புதுக்கோட்டை சாலையைப் பிடித்து, வலது பக்கம் திருச்சியை நோக்கி வந்தால் விமான நிலையம். தூரம் கொஞ்சம் கூடும், ஆனால் சிக்னலில் நிற்க வேண்டாம். மாலையில் இந்த வழி, பின்னிரவில் நேர் வழி. நடுராத்திரியில் அரைவட்டச் சாலையில் டயர் பஞ்சரானால் உதவிக்கு ஆள் தேட வேண்டியிருக்கும், காட்டூரில் அந்தப் பிரச்சினை இல்லை.

பருவத்தையும் பார்க்க வேண்டும். தை, மாசியில் சம்பா அறுவடை நடக்கும்போது கிராமத்துச் சாலைகளில் பாதி அகலத்துக்கு நெல் காயும். ஓரத்தில் கல் அடுக்கி வைத்திருப்பார்கள், இருட்டில் அது கண்ணுக்குத் தெரியாது. அறுவடை இயந்திரத்தை ஏற்றிய லாரி முன்னால் போனால் முந்த வழியே இருக்காது. நெடுஞ்சாலை ஏறும்வரை வழக்கத்தைவிட அரை மணி கூட்டிக்கொள்ளுங்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் நாகை, திருவாரூர்ப் பக்கத்தவர்கள் முந்தின நாளே தஞ்சாவூரில் சொந்தக்காரர் வீட்டுக்கு வந்துவிடுவது உத்தமம். ஆகஸ்டு கடைசியிலிருந்து செப்டம்பர் 8 வரை வேளாங்கண்ணி நடைப்பயணக்காரர்கள் தஞ்சாவூர் சாலையோரம் கூட்டம் கூட்டமாக வருவார்கள், ராத்திரியிலும் நடப்பார்கள். வேகத்தைக் குறைத்துத்தான் ஓட்ட வேண்டும்.

திருச்சியே வேண்டாம், சென்னை என்றால்?

சில சமயம் சரியான பதில் அதுதான். திருச்சி ஓடுபாதை சுமார் 8,100 அடி. ஒற்றை நடைபாதை கொண்ட நடுத்தர விமானங்களுக்கு ஏற்ற இடம், ஓடுபாதையை நீட்டும் பேச்சு பல வருஷமாக நடக்கிறது. ஐரோப்பாவுக்கோ அமெரிக்காவுக்கோ இங்கிருந்து நேரடி விமானம் கிடையாது, எங்காவது மாறித்தான் போக வேண்டும். அப்படிப் போகிறவர்களுக்கும், சென்னை டிக்கெட் கணிசமாகக் குறைவாக வந்தவர்களுக்கும் சென்னையைப் பார்க்கச் சொல்வேன். மயிலாடுதுறைக்காரருக்கு இது இன்னும் பொருந்தும், திருச்சிக்கு வருவதே அவருக்குப் பாதி நாள்.

அங்கே ரயில்தான் ராஜா. உழவன், மன்னை எக்ஸ்பிரஸ் இரண்டும் ராத்திரி ஏறினால் விடியும்போது தாம்பரத்தில் விட்டுவிடும். எழும்பூர் வரை போக வேண்டாம். தாம்பரத்தில் இறங்கி, மின்சார ரயிலில் திரிசூலம். எதிரிலேயே விமான நிலையம். பஸ் என்றால் 2023 டிசம்பர் இறுதியில் திறந்த கிளாம்பாக்கத்தோடு பயணம் முடியும், அங்கிருந்து மாநகரப் பேருந்து மாற வேண்டும். பெட்டியோடு அதிகாலையில் அது வேறு ஒரு ஏற்றம். ஆனால் ரயில் டிக்கெட் இருக்கிறதா என்று பார்த்த பிறகே விமான டிக்கெட்டைப் போடுங்கள். தீபாவளி, பொங்கல் வாரங்களில் உழவனில் இடம் கிடைக்காமல், சென்னைக்கும் கார் பேசுகிற நிலை வந்தால், டிக்கெட்டில் மிச்சம் பிடித்ததை டிராவல்ஸ்காரரிடம் கொடுத்துவிட்டு வருவீர்கள்.

தஞ்சாவூரிலேயே விமானம் வரும் என்று காத்திருக்கிறவர்களும் உண்டு. அங்கே விமானப்படைத் தளம் இருக்கிறது, 2020 ஜனவரியில் சுகோய் போர் விமான அணியும் வந்தது. பயணிகள் விமானம் மட்டும் பேச்சோடு நிற்கிறது. அதை நம்பித் திட்டம் போட முடியாது.

திரும்பி வரும்போது

போவதற்கும் வருவதற்கும் ஒரே வழியைப் பிடிப்பது வழக்கம், எனக்கு அது சரியாகப் படவில்லை. போகும்போது விமானம் தவறிவிடுமோ என்ற பயம் இருக்கிறது, அதனால் கார் செலவுக்கு ஒரு நியாயம் உண்டு. வரும்போது அப்படி எதுவும் தவறப்போவதில்லை. பகலில் இறங்குகிற ஓர் ஆள், வெளியே ஆட்டோ எடுத்து டிவிஎஸ் டோல்கேட் வந்து, தஞ்சாவூர் பஸ்ஸில் ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து தூங்கிக்கொண்டே வரலாம். பட்டுக்கோட்டைப் பக்கத்துக்காரருக்கு இன்னும் சுலபம், சாலைக்கு வந்து புதுக்கோட்டை பஸ்ஸுக்குக் கை காட்டினால் போதும்.

கார் அனுப்பித்தான் ஆக வேண்டும் என்றால், விமானம் இறங்கும் நேரத்துக்கு வண்டியை அங்கே நிறுத்தாதீர்கள். இரண்டு மூன்று விமானங்கள் அடுத்தடுத்து இறங்கும் வேளையில் குடியுரிமைச் சோதனை, பெட்டி வரும் பட்டை, சுங்கச் சோதனை என்று ஒவ்வொரு இடத்திலும் வரிசை. தங்கக் கடத்தல் அடிக்கடி பிடிபடுகிற விமான நிலையம் என்பதால் சுங்கத்தில் அவசரப்பட மாட்டார்கள். ஒரு மணி நேரம், சில நாள் ஒன்றரை மணி நேரம்கூட ஆகும். அதுவரை வெயிட்டிங் கணக்கு ஓடிக்கொண்டிருக்கும், பார்க்கிங்கும் ஏறும். டிரைவரைத் துவாக்குடியிலோ டோல்கேட் பக்கத்து டீக்கடையிலோ இருக்கச் சொல்லிவிட்டு, பெட்டி கைக்கு வந்ததும் உள்ளேயிருந்து போன் செய்யச் சொல்லுங்கள். வருகிறவரிடம் வெளிநாட்டு சிம் மட்டும்தான் இருக்கும், ரோமிங் வேலை செய்யாமல் போகலாம். டிரைவர் நம்பரையும் வண்டி நம்பரையும் முந்தின நாளே வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள், விமானம் ஏறுவதற்கு முன் அதை ஒரு தாளில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். வயதானவர் தனியாக வருகிறார் என்றால் இந்தத் தாள்தான் அவருக்குத் துணை.